இறுக்கிய மூடி

லண்டன் மோர்டனில் கிறிஸ்துநாயகத்தின் வீட்டு மாடியில் தாயோடு வாடகைக்கு இருந்த லோஜினிக்கு அந்த மார்கழியில் ஒரேயொரு ஆசைதான். தன் தாயைப் பற்றிச் சொன்னதை அந்த மனுசன் அதே சனத்துக்கு முன்னால், அதே வாயால் திருப்பி எடுக்க வேண்டும்.

மாடியில் ரேடியேட்டர்கள் செத்துக் கிடந்தன. கீழே கிறிஸ்துநாயகம் பெனியனோடு இருப்பார், அவ்வளவு வெக்கை. மேலே மூச்சு விட்டால் புகை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் அவர் சொன்னார்: "உந்த அருமைநாயகி ஈர உடுப்பைப் போட்டுப் போட்டே ரேடியேட்டரைப் பழுதாக்கிப்போட்டா. தையோடை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டன். பழக்கவழக்கம் தெரியாத சனம்."

லோஜினியின் தாய் அருமைநாயகி குடிக்காத கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஈர உடுப்பைக் கதவில் தொங்கவிட்டாள். குளிரில் முழங்கால் வீங்கியது. வாய் திறக்கவில்லை.

லோஜினி திறந்தாள். "அங்கிள், ஈர உடுப்பாலை ஹீட்டிங் பழுதாகாது. பைப்புக்குள்ளை காத்து அடைச்சிருக்கு."

"நீ டிகிரி எடுத்தது சரி பிள்ளை. அதாலைதானே டூட்டிங் கடையிலை கல்லாவிலை நிக்கிறாய்? நான் ஜெர்மனியிலை குளிருக்கை கிடந்து வந்தவன். எனக்குப் படிப்பிக்காதை."

குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள் அவள். இயந்திரவியல். வேலை கிடைக்காதது வேறு கதை. அன்றைக்கே ரேடியேட்டர் திருகும் திறப்பு வாங்கி வந்து, அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டாள். சீறிக்கொண்டு காற்று வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, ரேடியேட்டர்கள் சூடேறின. மறுநாள் திரும்பக் குளிர். அப்படியென்றால் காற்று தானாக வெளியே போக வேண்டிய இடம் எங்கோ அடைபட்டிருக்கிறது. குழாயின் வழியே கண்ணை ஓட்டினாள். அது படிகளுக்கு மேலே இருந்த அலுமாரிக்குள் போனது.

அது சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கும் அலுமாரி. கிறிஸ்துநாயகம் அதன் கதவுகளைக் கழற்றி, தாங்கிக்கு முன்னால் பலகை அடித்து, மாதா சுருவம் வைத்து, மின்னுகிற பல்பும் சுற்றிவிட்டிருந்தார். மாதாவுக்குக் குளிராது என்பது அவருடைய கணக்கு. மாதாவின் தலைக்கு நேர் மேலே, குழாயின் உச்சியில், கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளைக் குமிழ். காற்றைத் தானாக வெளியேற்றுவது அதுதான். அதன் சின்ன மூடி எப்போதும் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். இங்கே குறட்டால் இறுக்கிய தழும்போடு இருந்தது.

மூடியில் விரலை வைத்தாள். ஒரு திருகு. இப்போதே வீடு சூடாகிவிடும். அவர், "பார், நான் சொன்னபடி உடுப்பை எடுத்தீனம், சரியாப்போச்சு," என்பார்.

விரலை எடுத்தாள். சனிக்கிழமை அந்த மாடத்துக்கு முன்னால்தான் செபமாலை. கோயில் சனம் முழுக்க வரும். அதுவரை அம்மாவின் முழங்கால் நோகும் என்பது தெரியும். சுடுதண்ணீர்ப் பையை நிரப்பி அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சனி பின்னேரம் சனம் கோட்டைக் கழற்றாமல் படியெல்லாம் நின்றது. கிறிஸ்துநாயகம் வெள்ளைச் சட்டையில் மாடத்தின் முன்னால் நின்று கையை விரித்தார். "குளிருக்குக் குறை நினையாதேங்கோ. ஆர் கைவைச்ச வேலையெண்டு தெரியும்தானே."

அருமைநாயகி தலையைக் குனிந்தாள்.

"அங்கிள், இந்த மூடியை ஆர் இறுக்கினது?" லோஜினி நல்ல பிள்ளைக் குரலில் கேட்டாள்.

"நான்தான்! செபம் சொல்லேக்கை பாம்பு மாதிரிச் சீறினது. மாதாவின்ரை முக்காட்டிலை கறுப்புத் தண்ணியும் துப்பினது. விடுவனே? குறட்டாலை ஒரு இறுக்கு!"

"அதாலைதான் மேலை குளிர். காத்துப் போற வழியை நீங்கள்தான் அடைச்சிருக்கிறியள்."

"விசர்க் கதை."

"அப்ப நீங்களே திறந்து பாருங்கோவன்."

செபமாலை சொல்விக்க வந்திருந்த செபஸ்தியாம்பிள்ளை கிழவர் சிரித்தார். "திறவன் நாயகம். ஜெர்மன்காரனுக்கு என்ன பயம்?"

லோஜினி சுருவத்தைக் கும்பிட்டு எடுத்துத் தாயின் கையில் கொடுத்தாள். மாதாவோடு அவளுக்குக் கோபமில்லை. ஊத்தை சிக்கிய குமிழ் துப்பும் என்பதும், திறக்கும்போது துணியால் பொத்திப் பிடிக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். துணி அவள் கையில்தான் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் குறட்டைப் போட்டுத் திருகினார். நீளமாக ஒரு சீறல். நின்றபாடில்லை. பிறகு குமிழ் இருமியது. கறுப்புத் தண்ணீர் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைச் சட்டையிலும் அடித்தது.

"ஐயோ! இறுக்கட்டே?"

"இறுக்கினியளெண்டால் திரும்பக் குளிரும். பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ அங்கிள்."

நின்றார். கறுப்பு வடிய வடிய நின்றார். ரேடியேட்டர்கள் கடகடத்தன. கை வைத்துப் பார்த்த ஒருத்தி, "சுடுது!" என்றாள். அதற்குப் பிறகுதான் லோஜினி முன்னால் போய், துணியால் பொத்தி, மூடியைத் துளி தளர்வாக விட்டாள்.

"அப்ப அருமைநாயகியிலை பிழையில்லை?" கிழவர் கேட்டார்.

கிறிஸ்துநாயகம் முகத்தைத் துடைத்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை அங்கிள்," என்றாள் லோஜினி.

"பிழையில்லை. நான்தான் அடைச்சுப்போட்டன். தையிலை ஒருத்தரும் எழும்பத் தேவையில்லை."

"அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்துச் சொன்னார்.

அம்மாவுக்கு அதுவே போதும். சுருவத்தை மாடத்தில் வைத்துவிட்டு, "சட்டையைத் தாங்கோ அண்ணை, கறை பிடிக்க முதல் அலசிவிடுறன்," என்று வாங்கிப் போனாள். லோஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலசி முடித்த சட்டையைத் தாயின் கையிலிருந்து பறித்தாள். படித் தலைப்பில், அத்தனை சனமும் பார்க்க, தண்ணீர் சொட்டச் சொட்ட அதைச் சூடான ரேடியேட்டரின் மேல் விரித்தாள்.

"பயப்பிடாதேங்கோ அங்கிள். பழுதாகாது."