கால்கட்டு

கால் பெருவிரல்களைக் கட்ட ஒரு துண்டுத் துணி தாருங்கள் என்று கனகசூரியம் இரண்டாந்தரமும் கேட்டார். செத்தவீட்டுக் காரியங்களுக்கு நாவற்குடாவில் அவர்தான் முன்னுக்கு நிற்பார். வேறு வீடாக இருந்தால் இதற்குள் நாலு பேர் ஓடியிருப்பார்கள். இங்கே ஒருத்தரும் அசையவில்லை. செத்துக் கிடந்த தங்கராசாவின் காலடியில் அவருடைய மகள் தக்ஷாயினி நின்றாள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் கட்டு என்ற சொல்லைச் சொல்லவே எல்லோரும் கூசினார்கள்.

யசோதினிக்கு எரிச்சல் வந்தது. செத்த மனிசனுக்கு ஒரு துண்டுத் துணிக்குமா பஞ்சம்? உள்ளே போய்த் தன் பழைய வெள்ளைச் சேலையின் கரையை நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு வந்தாள். இது கூடிப்போச்சு, வெட்டித் தா என்றார் கனகசூரியம். வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சுற்றிச் சுற்றிக் கட்டுங்க என்று அப்படியே கொடுத்துவிட்டாள்.

தங்கராசா அவளுக்கு அத்தான், அக்காவின் புருஷன். ஐந்து வருஷத்துக்கு முதல் கடல் ஊருக்குள் வந்த அன்று, கல்லடியில் ஒரு கையில் அக்காவையும் மறு கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு ஓடியவர். அக்காவின் கை நழுவிப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் படுக்கும்போதெல்லாம் வலைக்கயிற்றால் பிள்ளையின் காலைத் தன் காலோடு கட்டிக்கொண்டுதான் படுத்தார். தண்ணி வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம் என்பார். தாய் இல்லாத வீடு, யார் போய்க் கேட்பது? பள்ளிக்கூடத்தில் சப்பாத்தைக் கழற்றும்போது டீச்சர் கணுக்காலில் தழும்பைக் கண்டா. பொலிஸ் வந்தது, பின்னாலேயே வழக்கும் வந்தது.

நீதவான் அவரை மறியலுக்கும் அனுப்பவில்லை, பிள்ளையைச் சிறுவர் இல்லத்துக்கும் அனுப்பவில்லை. ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். பிள்ளை சின்னம்மா யசோதினியோடு இருக்க வேண்டும். தகப்பன் பின்னேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கயிறு மட்டும் கூடாது. நன்னடத்தை அதிகாரி அன்னப்பூரணி மிஸ் மாதாமாதம் வந்து விசாரித்துக் கோட்டுக்கு எழுதுவா. எல்லாம் ஒழுங்காக இருந்தால் வழக்கு முடியும், பிள்ளையும் வீட்டுக்குப் போகும்.

அத்தான் ஒழுங்காகத்தான் இருந்தார். அது என்ன ஒழுங்கோ! வந்து குந்தி மகளின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். பொழுதுபட முதல் எழும்பிவிடுவார். போவது வீட்டுக்கு என்றா நினைக்கிறீர்கள்? யசோதினியின் வளவுக்குப் பின்னால் வாவியில் தோணியைக் கட்டி, அதற்குள்ளேயே படுத்தார். தண்ணி வந்தால் தன்னைத் தாண்டித்தான் பிள்ளையிடம் வர வேண்டுமாம். மழையிலும் பனியிலும் கிடந்த நெஞ்சு, வழக்கு முடிய ஒரே ஒரு தவணை இருக்கும்போது நின்றுவிட்டது. நேற்று விடிய வலை இழுக்கப் போனவர்கள் கண்டு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிரேதத்தைக் குளிப்பாட்டி, கட்டி, பெட்டியில் வைத்த பிறகு அன்னப்பூரணி மிஸ் வந்தா. கொஞ்ச நேரம் அழுதா. பிறகு யசோதினியை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனா. தகப்பன் இல்லை என்றால் அந்த ஏற்பாடும் இல்லை, திங்கட்கிழமை பிள்ளையைக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றா. யசோதினியின் புருஷன் சுதாகரன் வைகாசியில் சண்டை முடிந்தபோது சரணடைந்தவன், இன்னும் முகாமில் இருக்கிறான். இவள் விடிய றால் கம்பனிக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவாள். இதையெல்லாம் பார்த்தால் நீதவான் இல்லத்துக்கு அனுப்பத்தான் யோசிப்பார்.

 கடல் அக்காவைக் கொண்டுபோயிற்று, சண்டை புருஷனைக் கொண்டுபோயிற்று, இப்போது இதையுமா?

“இல்லத்தில விட்டா இந்தப் புள்ள செத்துரும் மிஸ். எங்கட ஊரில தாய்வழிதான், தாய்ட குடிதான் புள்ளைக்கு. அக்காட புள்ள என்ட புள்ள.”

“எனக்குத் தெரியும் யசோதினி. ஆனா நான் கண்டதைத்தான் எழுதலாம்.”

“அப்ப நல்லதாப் பாத்துக் காணுங்க.”

மிஸ் வேலியோரத்திலிருந்து திரும்பினா. பிள்ளையிடமும் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று போய், தக்ஷாயினிக்குப் பக்கத்தில் குந்தி, ஆரோட இருக்க விருப்பம் என்று மெல்லக் கேட்டா. பிள்ளை நேற்றிலிருந்து வாய் திறக்கவில்லை. இப்போதும் திறக்கவில்லை.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. கனகசூரியம் பிள்ளையைக் கூப்பிட்டார். “கட்டோட அனுப்பக்கூடாது மனே. நீயே அவிழ்த்து விடு.”

அவள் அவிழ்த்தாள். முடிச்சைத் தேட வேண்டியிருக்கவில்லை. துணியைப் பெட்டிக்குள் போடு என்று அவர் சொன்னது அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. நேரே யசோதினியிடம் வந்தாள். நிலத்தில் இருந்து, ஒரு நுனியைச் சின்னம்மாவின் கணுக்காலில் சுற்றி முடிந்தாள். மறு நுனியைத் தன் காலில், தழும்புக்கு மேலேயே முடிந்தாள். தங்கராசா போடுகிற அதே வலை முடிச்சு.

“சின்னம்மாவோட,” என்றாள், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து.

மிஸ் எழும்பி நின்றா. அவவின் கண் அந்தத் துணியை விட்டு எடுபடவில்லை. இதற்குக் கோட்டில் என்ன பெயர் என்று யசோதினிக்குத் தெரியாதா? அவிழ்க்கத்தான் குனிந்தாள். கை போகவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் படலை வரைக்கும் பின்னால் போக வேண்டும். யசோதினி பிள்ளையின் எட்டுக்குத் தன் எட்டைக் குறைத்து, துணி இழுபடாமல் நடந்தாள்.