மாப்பிள்ளை போட்ட ஒட்டு

…இல்லை, இங்கேயும் இல்லை, திரையில் கோடு ஒழுங்காகத்தான் எழும்பி விழுகிறது, ஒரு குமிழி, ஒரே ஒரு காற்றுக்குமிழியாவது இருக்க வேண்டாமா, இவன் கை வைத்த வேலையாயிற்றே… ஏணியில் நின்றபடி பரிசோதகர், கிழட்டு விமானத்தின் இறக்கையில் விரிசலை மூடி ஒட்டியிருந்த கார்பன் பட்டையின் மேல் ஒலியைக் கடத்தும் கூழைத் தடவி, மீயொலிக் கருவியின் முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஒட்டியவன் தங்கை புருஷன். குளியலறைக் கண்ணாடியை மாட்டி மறுவாரமே அதை வாளிக்குள் விழவைத்த மகாநிபுணன், அவனைப் போய் அம்மா தங்கமான பிள்ளை என்கிறாள், தங்கத்தையே உரசிப் பார்த்துத்தானே வாங்குகிறார்கள், இவனை யார் உரசினார்கள், பல்லைக் காட்டினான், பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

"என்ன மச்சான், தடவிக்கிட்டே இருக்கீங்க? அதுக்குக் கூசப் போகுது" என்றான் கீழே இருந்து. இதற்கும் இளிப்பு. இளி, இன்னும் கொஞ்ச நேரம்தான்… முந்தாநாள் அவர் கண்ணாலேயே பார்த்தாரே, உலோகத்தைத் தேய்த்துத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான், போன் அடித்தது, கையுறையைக் கழற்றிப் பேசினான், பேசி முடித்து வெறுங்கையால், வியர்த்த கையால், அந்த இடத்தை ஒரு தடவு தடவிவிட்டுப் பசையை விரித்தான், வியர்வை பட்ட உலோகத்தில் பசை பிடிக்குமா. மறுபடி துடைச்சுட்டு ஒட்டுடா என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. ஒட்டட்டும், என் கருவி பிடிக்கட்டும், வீடு முழுக்கத் தெரியட்டும் என்று காபியை உறிஞ்சியபடி நகர்ந்துவிட்டார், அந்தக் காபி எவ்வளவு ருசித்தது.

ஆனால் கருவி எதைப் பிடிக்கும்? இடைவெளி இருந்தால் பிடிக்கும். பசை படிந்து உட்கார்ந்திருந்தால் ஒலி அதுபாட்டுக்கு உள்ளே போய்விடும், பிடிப்பு இருக்கிறதா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறதா, அது அதற்குத் தெரியாது… புதிதாக வருகிறவர்களிடம் இதைக் கேட்டு, விழிக்கிறவனை முட்டாள் என்று திட்டுகிறவர் அவர்தானே. அவருக்குமா மறந்தது? மறக்கவில்லை, மாப்பிள்ளையின் முகம் தொங்குவதைப் பார்க்கிற அவசரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. எவ்வளவு அற்பம்.

சாயங்காலம் இது பறக்கும். பழுது பார்த்தவனே முதல் பறப்பில் ஏறிப் போக வேண்டும், இந்த விமானக் கூடத்தில் அப்படித்தான்.

"ஓகேவா மச்சான்? ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன்."

"இரு" என்றார். இப்போதே சொல்லிவிடலாம், பிய்த்துவிட்டு வேறு ஒட்டச் சொல்லலாம், ஆனால் பார்த்தவர் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே, அவன் கேட்பான், தங்கை கேட்பாள்… முதல் மூலையில் மறுபடி கூழைத் தடவினார். ஒரு குமிழி, கடவுளே, ஒரே ஒரு குமிழி, அதைக் காட்டியே பிய்க்கச் சொல்லிவிடலாம். அவனை மாட்டிவிட இல்லை இப்போது, தான் வாயைத் திறக்காமல் தப்பத்தான் தேடுகிறோம் என்று தெரிந்தும், முனையை நகர்த்திக்கொண்டே இருந்தார்.