ரொம்சோஸில் மிஞ்சிய பாரம்

2005ஆம் ஆண்டு மாசி மாதம் இறந்துபோன இரத்தினவேல், அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை ஒஸ்லோவின் ரொம்சோஸில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி வந்தார். முழுதாக வரவில்லை. உருவம், குரல், இருமல் எல்லாம் போன இடத்திலேயே நின்றுவிட, பாரம் மட்டும் வந்தது. சோபாவில் அவர் வழக்கமாக இருக்கும் மூலை பள்ளமாகப் பதிந்தது. கட்டில் ஒரு பக்கம் சரிய, மனைவி செல்வமலர் கலியாணம் கட்டிய நாள் முதல் உருண்டதுபோலவே நடுவுக்கு உருண்டாள். பிழை சனிக்கிழமையுடையது. அந்தியேட்டி செய்யவேண்டிய முப்பத்தோராம் நாள் செவ்வாயில் விழுந்தது. செவ்வாயில் மண்டபமும் கிடைக்காது, வேலையை விட்டுச் சனமும் வராது. ஒஸ்லோவில் பொங்கலும் சரஸ்வதி பூசையும் சனிக்கிழமைகளில் வந்து பழகிவிட்டதால், இரத்தினவேலின் தமையன் சோதிலிங்கம் அந்தியேட்டியையும் முந்திய சனிக்கே இழுத்துவிட்டார். தெய்வங்கள் இதற்கெல்லாம் ஒத்துப்போய்விட்டன. செத்தவருக்குத்தான் யாரும் சொல்லி வைக்கவில்லை.

செல்வமலர் பயப்படவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அசைக்க முடியாத பாரங்களோடு பேச்சுக் கொடுத்துப் பழகியவள். அவளுடைய பயம் வேறு இடத்தில் இருந்தது. இறந்தவரின் சொத்தைப் பிரித்து முடிக்கும் அலுவலகம், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருந்தது. செல்வமலருக்குப் பிள்ளை இல்லை. இரத்தினவேலுக்கு ஒன்று இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், செல்வமலரைக் கட்டுவதற்கு முன், ஒரு நோர்வேக்காரியோடு ஒரு வருடம் இருந்து பெற்ற எமிலி. பிறப்புப் பதிவில் தகப்பனின் இடம் வெறுமையாக இருந்தது. தமிழரில் இதை அறிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர்தான் இப்போது சோபாவில் பள்ளமாக இருந்தார். எமிலி பங்கு கேட்டால் வீடு விற்கப்படும். அந்த நான்கு சுவர்களை விட்டால் செல்வமலருக்கு ஒஸ்லோவில் ஒதுங்க இடமில்லை.

சோதிலிங்கம் பக்கத்து ஊரான அம்மருட்டிலிருந்து வந்து, சோபாவின் மறு மூலையில் இருந்துகொண்டு வழி சொன்னார்.

"இல்லையெண்டு சொல்லு. அலுவல் முடிஞ்சுது. அந்தப் பெட்டை ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்கடை தம்பிக்குத் தெரியும், பெரியத்தான்."

"அவன்தான் செத்துப்போனானே!"

சொல்லி முடிக்கவும் சோபா இன்னும் தாழ்ந்தது. சோதிலிங்கம் பக்கவாட்டில் வழுக்கிப் போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு தோளில் தலை முட்டி நின்றார். சோபா பழசாகிவிட்டது, மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அந்தக் கிழமையிலிருந்து பாரம் கூடியது. சோதிலிங்கம் வந்து "இல்லை" என்ற சொல்லைச் சொன்ன நாள்களில் கூடுதலாகக் கூடியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை. குசினிக் கதவு பூட்ட மறுத்தது. தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தாலும் அது மெல்ல மெல்லச் சோபாவை நோக்கி நகர்ந்தது. கீழ்வீட்டுக்காரரின் தொங்குவிளக்கு அவருடைய சாப்பாட்டுக் கோப்பைவரை இறங்கிவிட, அவர் படியேறி வந்து, நீங்கள் பியானோ ஏதும் வாங்கினீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். செல்வமலர் புருசனிடமே யோசனை கேட்டுப் பார்த்தாள். உயிரோடு இருந்த காலத்திலும் முடிவெடுக்கும் நேரங்களில் அவர் சோபாவில்தான் இருந்தார். இப்போதும் அங்கேயே இருந்தார். பிள்ளை இல்லை என்றால் வீடு இடிந்து விழும், உண்டு என்றால் வீடு கைமாறும். விழுகிற வீட்டுக்குக் கீழே ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அவள் எமிலிக்கு ரெலிபோன் எடுத்து, தகப்பன் வந்திருக்கிற விதத்தைச் சொன்னாள்.

எமிலி நெசொடன் பக்கம் படகு திருத்தும் வேலை செய்பவள். தகப்பனின் மூக்கோடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, யாரும் காட்டாமலே பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடிவந்த சோதிலிங்கம் கோட்டையும் கழற்றாமல் வாசலை அடைத்து நின்றார். பெண்கள் இருவரும் நோர்வே மொழியில்தான் கதைத்தார்கள். நம் வசதிக்குத் தமிழில் தருகிறோம்.

"இவர்தானா?"

"ஓம், இவர்தான். அவரின்ரை பங்கிலை உனக்கும் உரிமை இருக்கு, பிள்ளை. நீ கேட்டால் வீட்டை விக்கவேணும்."

"வித்தால் நீங்கள் எங்கை போவியள்?"

"தெரியாது."

தரைக்கடியில் எங்கோ பலகை ஒன்று பிளந்தது. கீழ்வீட்டில் கண்ணாடி நொறுங்கியது. சோதிலிங்கம் இருமினார். எமிலி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வீடு வேண்டாம். நான் சின்னனா இருக்கேக்கை இவர் எங்கடை வாசலிலை காரை விட்டிட்டு, அதுக்குள்ளையே இருந்து பாப்பார். ஒருநாளும் உள்ளுக்கு வந்து இருந்ததில்லை. இவரைத் தாங்கோ."

வீட்டை இழக்கச் செல்வமலர் ஆயத்தமாக இருந்தாள். இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. சரியாத கட்டிலில் எப்படிப் படுப்பதென்பது அவளுக்குத் தெரியாது. எழும்பிப் போய் யன்னலைத் திறந்தாள், திரும்பவும் பூட்டினாள். தரை முனகிக்கொண்டே இருந்தது.

"கூட்டிக்கொண்டு போ," என்றாள் கடைசியில். "குளிர் தாங்கமாட்டார். முழங்கால் நோகுது எண்டு காட்டினால் நம்பாதை, அது நடக்கப் பஞ்சி. பெரியத்தான், வாசலை விடுங்கோ. உங்கடை தம்பி போகவேணும்."

சோதிலிங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவரைக் கடந்துபோன எதுவோ அவர் கோட்டுப் பொத்தான்களை வரிசையாக அழுத்திச் சென்றது.

செல்வமலர் அலுவலகத்துக்குப் போய், பிள்ளை ஒன்று என்றாள். பங்கு வேண்டாமென்று எமிலி ஒப்புக்கொண்டதால் வீடு செல்வமலரிடமே நின்றது; தரை சித்திரைக்குள் நிமிர்ந்தது. அவள் மட்டும் கன நாள் கட்டிலின் ஓரத்திலேயே படுத்தாள். அந்தக் கோடையில் எமிலியின் சின்னப் படகு ஒரு பக்கம் சரிந்தே ஓடியதால், அவள் மறுபக்கத்தில் கல் ஏற்றினாள். துறையில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். அப்பா என்றாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் ஏறி இறங்க வசதியாகத் தங்கள் படகுகளைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள்.