ஐந்துக்கு ஒன்று

பதினொரு வருடங்களுக்கு முன் கணவரோடு வந்த காகிதப் பட்டறைக்கு அவள் இப்போது தனியாக வந்திருந்தாள். கந்தலையும் பழைய தாளையும் ஊறவைத்து, சுற்றுலா வருபவர்களே தங்கள் கையால் காகிதம் செய்யும் இடம். கூழின் அந்தப் புளித்த வாசனை மாறவேயில்லை. மூக்கில் ஏறியதுமே கண் கலங்கிவிட்டது.

பட்டறைக்கார அம்மா முக்காலிகளை ஒதுக்கி, முதுகு வைத்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதன் நுனியில் உட்கார்ந்து சல்லடையைத் தொட்டியில் அமிழ்த்தினாள்.

அன்றைக்கு அந்த மனிதர் பண்ணிய அலப்பறை கொஞ்சமா? தண்ணீர் சில்லிடுகிறது, தாள் கோணுகிறது என்று தொட்டதற்கெல்லாம் நொட்டை. கடைசியில் ‘திருப்தியா? ஐந்துக்கு எத்தனை மார்க்?’ என்று கேட்ட படிவத்தை, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாத பிள்ளை மாதிரி கையால் மறைத்துக்கொண்டே நிரப்பினார். பஸ்ஸில் வழிநெடுகக் கேட்டும் “உனக்கெதுக்கு?” என்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

இருவரும் சேர்ந்து போன ஒரே பயணம் அது. அதுவாவது அவருக்குப் பிடித்திருந்ததா? அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாக அவள் நெஞ்சில் அந்தக் கேள்வி முள்ளாகக் கிடந்தது. அதனால்தான் மகள் தடுத்தும் கேட்காமல் கிளம்பி வந்தாள்.

“பழைய படிவமெல்லாம் இருக்குமாம்மா?”

“இங்க தாளைத் தூக்கிப் போடுற பழக்கமே இல்லீங்க. எல்லாத்தையும் கரைச்சு மறுபடி தாளாக்கிடுவோம்.”

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “எங்க வீட்டுக்காரர் என்ன எழுதுனார்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன். நல்ல உயரம். எதைப் பார்த்தாலும் குறை சொல்வார்.”

பட்டறைக்கார அம்மா குபீரென்று சிரித்தார். “அவரா! அஞ்சுக்கு ஒண்ணு போட்டாரே, மறக்க முடியுமா?”

ஒன்றா! அவள் முகம் சுண்டிப்போனது.

“கீழ எழுதியிருந்தார்: ‘நாள் நல்லாத்தான் போச்சு. ஆனா எல்லாமே முக்காலி. என் பொண்டாட்டிக்கு முதுகு வலி, வாய் திறந்து சொல்ல மாட்டா. முதுகு வச்ச நாற்காலி ஒண்ணு வாங்கிப் போடுங்க, மார்க்கு அப்புறம் பார்க்கலாம்’னு. அந்த வாரமே வாங்கிட்டோம். நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான்.”

சல்லடையிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“முதுகு வலின்னு நான் அவர்கிட்ட சொன்னதே இல்லையே,” என்றாள். பிறகு மெல்ல நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.