டிக்கிக்குள் படுத்தவள்

எங்கள் காருக்கு என் கணவரைவிட நாலு வயது அதிகம். இருவரில் காருக்குத்தான் வீட்டில் செல்வாக்கு. மூன்று மாதமாக அது பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'கடக்' என்றது. அன்று முதல் மனுஷன் தூக்கத்தில்கூடக் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

ஸ்பிரிங் பட்டையை மாற்றினார். சத்தம் போகவில்லை. ரப்பர் புஷ்களை எல்லாம் மாற்றினார். அப்போதும் 'கடக்'. பின்சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டார். வந்த விருந்தாளிகள் அதில்தான் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

"புதுசா போட்ட ஷாக் அப்சார்பரப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அத என் கையால நானே மாட்டினேன். அதுல தப்பே வராது!" இவருக்கு மூக்குக்கு மேல் கோபம். மெக்கானிக் அன்றைக்குப் போனவர்தான்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை பல் டாக்டர் வந்து வண்டிய எடுத்துட்டுப் போகட்டும்" என்றேன். எங்கள் தெருப் பல் டாக்டர் ஒரு வருடமாக அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் தலையாட்டினார். பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

ஞாயிறு மாலை ஒரே வழிதான் பாக்கி. ஓடுகிற வண்டியின் டிக்கியில் ஒருவர் படுத்துக்கொண்டு கேட்க வேண்டும். முதலில் அவர் ஏறிப் பார்த்தார். தொப்பை உள்ளே போனால் கால் வெளியே வந்தது, கால் உள்ளே போனால் தொப்பை மூச்சு வாங்கியது. கடைசியில் நான் ஏறினேன். மூடியைப் பாதி திறந்தபடி கயிற்றால் கட்டினார்.

"இடதா வலதான்னு மட்டும் சொல்லு."

"மெதுவா ஓட்டுங்க. உள்ள இருக்கிறது உருளைக்கிழங்கு மூட்டை இல்ல, கட்டின பொண்டாட்டி."

முதல் வேகத்தடையில் என் தலையும் வண்டியும் சேர்ந்தே சத்தம் போட்டன. இரண்டாவதில் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே 'கடக்'. விரிப்பைத் தூக்கித் தடவினேன். ஷாக் அப்சார்பரின் மேல்முனை. அதிலிருந்த நட்டு விரல் பட்டதும் சுழன்றது. ஐயா தன் கையால் மாட்டி, முடுக்க மறந்த நட்டு! விரலாலேயே இறுக்கினேன். அடுத்த தடையில் சத்தமே இல்லை.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சும்மா!" முன்னாலிருந்து கத்தினார். ஹாரனை வேறு அடித்தார்.

மறுபடி நட்டைத் தளர்த்தினேன். அடுத்த தடையில் 'கடக்.' முன்னால் ஹாரன் சட்டென்று அடங்கியது.

வாயை மூடிக்கொண்டால் போதும், நாளையோடு சனியன் தொலையும். கூடத்தில் நடக்க இடம் கிடைக்கும். ஆனால் அவர் அப்படிச் சந்தோஷமாகக் கத்தி எத்தனை வருடமாயிற்று! பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது.

"வண்டிய நிறுத்துங்க. இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். நட்டை ஒரு விரலால் சுற்றினார். முகம் சுண்டிப்போயிற்று.

"மூணு மாசமா... நான் முடுக்காம விட்டதா?"

"நீங்கதான்."

"வித்துடலாம். எனக்கு இந்த வண்டிய வச்சிருக்க யோக்கியதை இல்ல. டாக்டரே எடுத்துக்கட்டும்."

"சத்தத்தக் கண்டுபிடிச்சது யாரு?"

"நீதான்."

"அப்ப விக்கலாமா வேணாமான்னு நான்தான் சொல்வேன். விக்கல. போய் ஸ்பேனர எடுத்துட்டு வாங்க."

ஓடிப்போய் எடுத்து வந்தார். நட்டின் மேல் வைக்கப் போனவர் ஒரு கணம் நின்றார். பிறகு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.