தெலுங்கு பேசக் கூடாத வீடு

ஓசூரில் பஸ் ஏறி, பெங்களூர் ஆஸ்பத்திரியில் வந்து உட்காரும்வரை ரங்கம்மாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை. நாலு வயசு தாண்டியும் மகள் முனிலட்சுமிக்குப் பேச்சு வரவில்லை. சொன்னதெல்லாம் புரியும், பதில் சொல்ல வாயைத் திறந்தால் தாடை ஆடும், சத்தம் வராது.

ரங்கம்மா பாகலூர்ப் பக்கம், பேச்சு தெலுங்கு. புருஷன் ஆஞ்சப்பன் அதே ஜாதிதான்; ஆனால் அவன் ஊரான சாமல்பட்டிக்காரர்கள் தெலுங்கை எப்போதோ மறந்தாயிற்று. குடியிருந்த ஓசூர்த் தெருவிலோ கன்னடம். "மூணு பாஷையப் போட்டுக் கலக்குனா கொயந்தைக்கு எது வரும்?" என்றாள் ஆஞ்சப்பனின் அக்கா நாராயணம்மா. தாயில்லாத தம்பியை வளர்த்தவள், அவளுக்கு மறுபேச்சு ஏது! அன்றோடு வீட்டில் தெலுங்கு நின்றது. ரங்கம்மாவுக்குத் தமிழில் பிள்ளையைக் கொஞ்சத் தெரியாது. பெற்ற மகளிடம் "சாப்பிடு", "தூங்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

டாக்டரும் பாஷைதான் காரணம் என்றால் பிள்ளையைச் சாமல்பட்டியில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பதாக முடிவு. நாராயணம்மா கையோடு பிள்ளையின் கவுன்களைப் பையில் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

தமிழ் தெரிந்த டாக்டரம்மா பிள்ளையின் காதையும் வாயையும் நிதானமாகப் பார்த்தார்.

"பாஷையால இது வராதும்மா. சில குடும்பத்துல ரத்தத்துலயே வரும். உங்க ரெண்டு பக்கத்துலயும் சின்ன வயசுல பேச்சு வராதவங்க யாராவது உண்டா?"

"எங்க பக்கம் யாருமில்லீங்க," என்றாள் ரங்கம்மா.

"எங்க வம்சத்துலயும் ஒருத்தருமில்ல," என்று முந்திக்கொண்டாள் நாராயணம்மா. "எல்லாம் இவ பேச்சால வந்தது. புள்ளைய நான் கூட்டிக்கினு போறேன்." முனிலட்சுமியின் கையைப் பிடித்து எழுந்தேவிட்டாள்.

ரங்கம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த புருஷனைப் பார்த்தாள். ஆஞ்சப்பன் எப்போதும் அளந்து பேசுகிறவன். கம்பெனியில் அதற்காகவே அவனைச் சாது என்பார்கள். அவன் வாயைத் திறந்தான். தாடை ஆடியது. சத்தம் வரவில்லை. மகளுக்கு ஆடுவது போலவே இருந்தது.

"நா... நான்," என்றான் கடைசியில். "ஏழு வயசு வரைக்கும் எனக்குப் பேச்சு இல்ல. அக்காவுக்குத் தெரியும்."

நாராயணம்மா தரையைப் பார்த்தாள். "வெளிய சொல்லியிருந்தா உனக்கு எவன்டா பொண்ணு குடுத்திருப்பான்," என்றாள் மெதுவாக.

தெரிந்தே ரங்கம்மாவின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், இரண்டு பேரும். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதில் மகளை வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தெலுங்கில் பேச ஆரம்பித்தாள். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை.