இரண்டு சிமெண்ட் டின்களைப் பற்றிய புகார்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் முற்றத்து மாமர நிழலில் கூடியவர்கள் ஐந்து பேர். என் மனைவியின் அண்ணன் வைசன் நடுவில், வீட்டிலிருக்கும் ஒரே கைவைத்த நாற்காலியில். அவருக்கு இடப்பக்கம் பாயில் அவருடைய கடைசித் தங்கை டோரிகா. அதே பாயின் மறுமுனையில் என் மனைவி எஸ்நாத். வைசனின் முழங்காலுக்கு நேர் எதிரே, வெறும் மண்ணில், என் மகள் யாமிகானி, வயது பதினைந்து. நான் சமையல் குடிசை ஓரம், இரண்டு செங்கற்களை அடுக்கி அதன்மேல். நாற்காலிக்கு வலப்பக்கம் முக்காலியில், மூடி போட்ட தட்டில், காலையில் அறுத்துச் சமைத்த கோழி.

நான் உட்கார்ந்த இடத்தைப் பற்றி யாரும் தவறாக நினைக்க வேண்டாம். மலாவியில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண்ணைக் கட்டியவன் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருப்பான். பிள்ளைகள் அம்மாவின் வம்சம். அவர்களைப் பற்றி முடிவு சொல்வது தாய்மாமன். நான் பதினேழு வருடமாக இந்த ஊருக்கு மாப்பிள்ளை. விதைக் கிடங்கில் எழுத்தர் வேலை, ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். ஆனாலும் கூட்டம் என்றால் எனக்கு ஓரம்தான்.

கூட்டத்தைக் கூட்ட வைத்தவள் டோரிகா.

"நாலு தடவை கேட்டுட்டேண்ணே," என்றாள். "விடியக்காலத்துல குளிக்கிற தட்டிக்குப் பின்னால புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. எருமை மாதிரி. எவனோ வந்து போறான்."

"ஒரு மூச்சா, ரெண்டு மூச்சா?"

"அதையெல்லாம் எண்ணிக்கிட்டா நிப்பாங்க?"

வைசன் தட்டைத் திறந்து கோழியின் இரைப்பையை எடுத்தார். அது அவருக்கு உரியது. வாயில் போட்டு, சவக் சவக்கென்று மென்றுகொண்டே, "யார்டி அவன்?" என்றார்.

யாமிகானி எழுந்து போனாள். கேட்டவுடன் பதில் சொல்லும் பெண்ணல்ல அவள். ஒரு வருடத்தில் ஒரு முழம் வளர்ந்துவிட்டு, அந்த உயரத்தை ஒளித்து வைக்கத் தோளைக் குறுக்கி நடப்பவள். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டை. திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு டின்கள். பால்பவுடர் டின் ஒன்று, சமையல் கொழுப்பு டின் ஒன்று. பள்ளிக்கூடக் கட்டிடத்தில் மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து ஊற்றி, கம்பியை வளைத்துப் பிடி வைத்திருந்தாள். அக்குளில் ஒரு நோட்டு.

"யாரும் இல்ல மாமா. நான்தான். எக்சர்சைஸ் பண்றேன்."

எனக்குப் பெரிய நிம்மதி. எஸ்நாத் கையைக் கூப்பிக் கண்ணை மூடினாள். கூட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

வைசன் நோட்டைப் பிடுங்கினார். விரலில் கோழிக் கொழுப்பு. அட்டையில் பட்டது, முதல் பக்கத்தில் பட்டது. உரக்கப் படித்தார்.

"'முதல் வாரம். சுவரில் கை ஊன்றித் தண்டால். எட்டு, எட்டு, ஆறு. ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்து. ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு.' அடேங்கப்பா! 'மூன்றாம் வாரம். கவிழ்த்த உரலில் கை ஊன்றித் தண்டால். ஐந்து, நான்கு. தரையில் இன்னும் முடியவில்லை.' உரல் எதுக்குன்னே தெரியாத பொண்ணு! 'டின் இரண்டும் ஒரே எடை இல்லை. திங்கள் பெரியது வலக்கை. புதன் பெரியது இடக்கை.'"

டோரிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கடைசி வரியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிடங்கில் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்தபோது நானும் அப்படித்தான், மூட்டையைத் தட்டு மாற்றி வைத்து இரண்டு முறை நிறுத்தேன். அவளுக்கு நான் அதைச் சொன்னதே இல்லை.

"மாமா, போதும் மாமா," என்றாள் யாமிகானி.

"இரு. எட்டாவது வாரம் எழுதினது, இதக் கேளுங்க. 'அடிபம்பில் வாளியைத் தலைக்கு ஏற்ற யாராவது கை கொடுக்க வேண்டும். நான் போனால் எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். கரும்பு, கரும்பு என்று கத்துகிறார்கள். நிரம்பிய வாளியோடு நின்றுகொண்டே இருக்கிறேன். யாரையும் கேட்காமல் நானே தூக்கி வைக்க வேண்டும். அதுவரை செய்வேன்.'"

சிரிப்பு நின்றிருக்க வேண்டிய இடம். நிற்கவில்லை.

"கரும்பா! சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க. எங்க, இங்க வா. எட்டு வாரத்துல என்ன சதை போட்டிருக்கன்னு பாப்போம். சட்டைக்கையை மடக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மண்ணைப் பார்த்தேன்.

மேல்கையை அவர் பிடித்தார். சந்தையில் ஆட்டின் தொடையைப் பிடித்துப் பார்ப்பதுபோல் அமுக்கி, உருட்டி, விட்டு, மறுபடி அமுக்கி. வாயில் இன்னும் இரைப்பை. அதன் ஒரு துணுக்கு முன்பல்லில் ஒட்டி ஆடியது. மணிக்கட்டுவரை விரல்களை இழுத்துக்கொண்டு வந்தார். அவள் கையில் நாலு பளபளப்பான கோடுகள்.

"கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கு. இன்னும் கெட்டியானா ஆம்பளைன்னு நினைச்சு மண்வெட்டியைக் கையில குடுத்துடுவான் கட்டிக்கிறவன். நல்ல சம்பந்தம் பேசணும்னு நான் நாயா அலையறேன். ஏய் டோரிகா, ஒரு வாளி கொண்டா. தூக்கட்டும் பாப்போம்."

வாளி வந்தது. இருபது லிட்டர், விளிம்பு தட்ட. யாமிகானி குனிந்தாள். முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, வாளியை முழங்காலுக்கு, தொடைக்கு, மார்புக்கு ஏற்றினாள். தூக்கிவிட்டாள் என்றே நினைத்தேன். தலைக்குப் போக வலக்கை அடியைத் தாங்கத் திரும்பியபோது வழுக்கியது. அந்தக் கொழுப்பு. வாளி சரிந்து தண்ணீரெல்லாம் வைசனின் பாலிஷ் போட்ட ஷூவில்.

"பாத்தீங்களா?" என்றார் எங்களைப் பார்த்து. கோபம்கூட இல்லை, மகிழ்ச்சி.

பிறகு மூன்று காரியம் செய்தார். நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து ஒன்றால் ஷூவைத் துடைத்தார், ஒன்றால் விரலைத் துடைத்தார். மீதி நோட்டையும் டின்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனார். குழிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். சத்தம் எங்களுக்குக் கேட்டது. முதல் டின், இரண்டாவது டின். அந்தச் சத்தத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. கிளம்பிய ஈக்கள் சமையல் குடிசைவரை வந்தன.

திரும்பி வந்து, கை கழுவாமல், கோழித் தொடையை எடுத்தார்.

"இனிமே இந்தக் கூத்து வேணாம். என்ன மாப்ளே?"

"சரி மச்சான்," என்றேன்.

சொன்னது நான்தான். அதன்பின் என் தட்டில் கோழிக் கழுத்தை வைத்தார்கள். தின்றேன். நன்றாக வெந்திருந்தது. அதை நினைத்தால்தான் வைசனைவிட என்மேல் அதிகம் குமட்டுகிறது.

திங்கட்கிழமை விடியலில் தட்டிக்குப் பின்னாலிருந்து மூச்சுச் சத்தம். புஸ்ஸு, புஸ்ஸு. நான் உட்கார்ந்திருந்த செங்கல் இரண்டையும் காணோம்.

தட்டிக்கு இந்தப் பக்கமே நின்றேன். அவளுக்கு யாரும் பார்த்தால் பிடிக்காது.

"யாமிகானி."

மூச்சு நின்றது. "மாமா கிட்ட சொல்லப் போறீங்களாப்பா?"

"இல்ல."

"நேத்தைக்குச் சரின்னு சொன்னீங்க."

வீட்டுக்குள் போய்க் காகிதத்தை எடுத்தேன்.

மனைவியின் அண்ணன்மேல் மாப்பிள்ளைக்குக் குறை இருந்தால் நேரில் சொல்லக் கூடாது. கல்யாணத்தின்போது என் தரப்புக்குப் பொறுப்பாக நின்ற ஆள் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆள் என் அண்ணன் பிஸ்விக். பலாக்கா பஸ் நிலையத்தில் சைக்கிள் பழுது பார்க்கிறான். அவன் வந்து உட்கார்ந்தால் வைசனும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அடி உதை, வேறு பெண், பட்டினி என்று இப்படிக் கூட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் டின்னுக்காகக் கூட்டிய மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்று வைசன் சொன்னால், கிளம்பத்தான் வேண்டும்.

எழுதினேன். ஒன்று: வயது வந்த பெண்ணின் கையை எச்சில் கையால் பிடித்து, கூட்டத்தில் அமுக்கிப் பார்த்தது, அவளை அழ வைத்தது. இரண்டு: அவள் தனக்காக எழுதியதை உரக்கப் படித்தது, கிழித்து ஷூ துடைத்தது. மூன்று: அவள் உழைத்துச் செய்த பொருளைக் கக்கூஸில் போட்டது. நான்கு: மேற்படி எல்லாவற்றுக்கும் நான் சரி என்று சொன்னது. அந்தச் சரியை இதன்மூலம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ வந்து, யாமிகானி தன் உடற்பயிற்சியைச் செய்யலாம், யாரும் தடுக்கக் கூடாது என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

எஸ்நாத்துக்குப் படித்துக் காட்டினேன். களி கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தாமலே கேட்டாள்.

"என் அண்ணன் அவர்."

"தெரியும்."

"உங்களைப் போகச் சொல்லுவார்."

"சொல்லலாம்."

கொஞ்ச நேரம் கிளறினாள். "மூணாவதுக்குப் பக்கத்துல எழுதுங்க: அந்தக் கக்கூஸ் எஸ்நாத் தோண்டினது, அவ கிட்ட யாரும் கேக்கலன்னு. கீழ என் பேரையும் போடுங்க."

யாமிகானி வாசலில் வாளியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"நான் அழுதேன்னு எழுதியிருக்கீங்களா?"

முதலாவதில் எழுதியிருந்தேன்.

"அதை எடுத்துடுங்க. நான் அழல. கை வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்."

அடித்துத் திருத்திய கடிதத்தை நான் அனுப்புவதில்லை. புதுத் தாளில் முழுவதையும் மறுபடி எழுதினேன். 'வாளி விழக் காரணம் மேற்படியார் தடவிய கொழுப்பு' என்று சேர்த்தேன். உறையின் பசை காய்ந்து போயிருந்தது. எஸ்நாத் பானை ஓரத்திலிருந்து விரல்நுனி அளவு சூடான களி எடுத்துக் கொடுத்தாள். அதைத் தடவி ஒட்டி, ஆறும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே சாலைக்குப் போனேன்.

மினி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில்தான் அடிபம்பு. நாலைந்து பெண்கள் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. பிறகு பம்பின் கிறீச்சு, வாளி நிரம்பும் சத்தம். நான் திரும்பவில்லை. உறையில் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, மறுபடி பார்த்தேன். வாளிப் பிடி கணகணத்தது. ஒரு மூச்சு, புஸ். கொஞ்சம் தண்ணீர் சிமெண்டில் சிந்தியது. இன்னொரு மூச்சு. பிறகு எனக்குப் பின்னால் வெறுங்கால் நடை, மெதுவாக, நின்று நின்று, வீட்டை நோக்கிப் போனது.

மினி பஸ் வந்தது. கண்டக்டர் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, "பலாக்கா, பலாக்கா! ஏறுங்க பெரியவரே!" என்றான்.

"ஆள் இல்ல. கடிதம். சைக்கிள் கடை பிஸ்விக் கிட்ட, அவர் கையிலேயே குடுக்கணும்."

வாங்கி மோந்து பார்த்தான். "என்ன இது, களி வாசம்?"

"ஒட்டினது. இன்னும் ஈரம். மடிக்காதே."

கண்ணாடிக்கு மேலே, டிரைவரின் தலைக்கு நேரே அதைச் செருகினான். கதவை இரண்டு தட்டு தட்டினான். பஸ் போய்விட்டது.